முடுக்கு

கடைசித் தேதி இரண்டுக்கும் ஒன்றுதான்.
வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது.

எங்கள் அலுவலகம் என்று சொல்லிக்கொள்வது
கீழமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்கில்,
வத்தல் மண்டிக்கு மேல், மாடி அறை.
சாலிடரிங் புகையைவிட
மிளகாய் நெடிக்குத்தான் அதிகம் தும்முவோம்.
எதிரெதிரே இரண்டு பைக் வந்தால்
ஒன்று பின்வாங்க வேண்டும்.

வீரணன் சொல்கிறான்: பெங்களூரு போவோம்.
பன்னிரண்டு வாரம். இருபத்தைந்து லட்சம்.
நூற்றுக்கு ஏழு பங்கு அவர்களுக்கு.
கடைசி நாள் மேடையேறி மூன்று நிமிடம் பேசணும்,
கீழே பணம் உட்கார்ந்து கேட்கும்.

என் கையில் இருப்பது
திருப்பரங்குன்றம் பக்கத்துக் கல்லூரியின் கடிதம்.
ஒரு மேசை, இரண்டு வருடம்.
பங்கு கேட்கவில்லை; பணமும்
"பின்னர் பரிசீலிக்கப்படும்" என்பதோடு சரி.
மாலை ஐந்தரைக்கு வாட்ச்மேன் பூட்டிவிடுவார்.

இதை அடைகாப்பகம் என்றும்
அதை முடுக்கி என்றும் தமிழில் எழுதுகிறார்கள்.
அடைகாத்து அடைகாத்துக்
கூமுட்டையாய்ப் போனவர்களை வீரணனுக்குத் தெரியும்.
பெயர் சொல்லி விரல் மடக்கினான்.
முடுக்கிய முடுக்கில் மரை கழன்றவர்களை
எனக்குத் தெரியும். நானும் மடக்கினேன்.
இரண்டு பேருக்கும் விரல் தீர்ந்துபோனது.

எங்கள் பொருள் இவ்வளவுதான்:
உள்ளங்கை அகலப் பெட்டி.
ஒரு பிடி நெல்லைப் போட்டால் ஈரப்பதம் சொல்லும்.
கொள்முதல் நிலையத்தில் பதினேழைத் தாண்டினால்
மூட்டை திரும்பிவிடும்.
திரும்புகிற மூட்டைக்கும் டிராக்டர் வாடகை உண்டு.
களத்திலேயே முன்கூட்டித் தெரிந்துவிட்டால்...
இந்த வாக்கியத்தை முப்பது இடத்தில் சொல்லியிருக்கிறோம்.
முப்பது இடத்திலும் தலையாட்டினார்கள்.

தை மாதம் கொட்டாம்பட்டிப் பக்கம்
சோதனைக்குக் கொடுத்த ஆறில் ஒன்று
பஞ்சவர்ணத்திடம் இருந்தது.
புதன்கிழமை அவர் போன் செய்தார்.

"உங்க பொட்டி பத்தொம்பதுன்னு காட்டுச்சு.
ரெண்டு நாள் கூடக் காயவச்சேன்.
மழை வந்துருச்சு.
பக்கத்துக் களத்துக்காரன் அன்னைக்கே போட்டுட்டு
ரூவாயும் வாங்கிட்டான்.
அவன் நெல்லும் என் நெல்லும் ஒரே நாத்து.
நாலு மூட்டை முளைச்சுப் போச்சு.
யாரு குடுப்பா?"

சத்தம் போடவில்லை.
யார் என்றுதான் கேட்டார்.

வியாழக்கிழமை பஸ் ஏறிப் போய்
நாலு மூட்டைக்குப் பணம் கொடுத்தோம்.
(அது அறை வாடகை.
மண்டிக்காரர் இன்னும் கேட்கவில்லை.)
முளைத்ததில் ஒரு கை அள்ளி
கவரில் போட்டு வாங்கிவந்தோம்.

மேசையில் கொட்டிப் பார்க்கிறோம்.
ஊசிமுனை போல வெள்ளை முளை.
"பாத்தியா, காத்திருந்தா இதுதான்" என்கிறான்.
"பாத்தியா, சரிபார்க்காமக் கொடுத்தா இதுதான்"
என்கிறேன்.
ஒரே நெல்.

இரவு பத்தரை.
கீழே மண்டி ஷட்டர் இறங்குகிறது.
பெங்களூருப் படிவத்தில் ஒரு கேள்வி:
முதல் வருடத்தில் எத்தனை விற்பீர்கள்?
வீரணன் பத்தாயிரம் என்று தட்டினான்.
தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பத்தாயிரம் பஞ்சவர்ணம்.
பத்தாயிரம் போன்.

கல்லூரிப் படிவத்தின் கடைசிப் பக்கம்
ஆய்வகச் சாமான்களின் பட்டியல்.
பதினான்காவது வரி: உலர் அடுப்பு, ஒன்று.
நெல்லை நிறுத்து, உள்ளே வைத்து,
கடைசித் துளி ஈரமும் போனபின்
மறுபடி நிறுத்தால் உண்மையான எண் வரும்.
அது இல்லாமல்தான் எட்டு மாதமாய்
பெட்டியை வைத்தே பெட்டியைச் சரிபார்த்தோம்.

"ஒரு அடுப்புக்காகவா?"
"அடுப்புக்காகத்தான்."
"அஞ்சரைக்குப் பூட்டிருவாங்க."
"வாட்ச்மேன்கிட்ட பேசலாம்."

பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினோம்.
மற்றதை அவன் மூடவில்லை.
பத்தாயிரத்தில் ஒரு பூச்சியத்தை அழித்தான்.
இன்னொன்றையும் அழித்தான்.
அப்படியே விட்டுவிட்டு
டீ குடிக்க பைக்கை எடுத்தான்.

முடுக்கின் நடுவில் எதிரே ஒரு விளக்கு.
வீரணன் காலை ஊன்றிப் பின்னால் தள்ளினான்.
வழி கிடைத்தவர்
தலையைக்கூட அசைக்காமல் போனார்.